வகுப்பறையிலும் அரைப் பேரா?

தோட்டத்துச் செக்ரோலை அறிந்தவர்களுக்கு 'அரைப் பேர்' என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் நின்று, கேட்ட நிறைக்கு ஓரிரு கிலோ குறைவாகக் கொழுந்து கொண்டுவந்த பெண்ணுக்கு அன்று அரைப் பேர் போடப்படும். அவள் மலையில் நின்றது முழுநாள். அவள் வீட்டு அடுப்பு கேட்பதும் முழுநாட் செலவு. புத்தகத்தில் ஏறுவது மட்டும் அரை நாள். இந்த அநீதியை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடி வந்திருக்கின்றன.

அந்தப் பெண்ணின் மகனோ மகளோ பதின்மூன்று ஆண்டுகள் படித்து, க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் தேறி, தோட்டத்துப் பாடசாலைக்கே கற்பிக்கத் திரும்பி வந்தபோது, இந்நாட்டு அரசாங்கம் அவர்களுக்கு என்ன பேர் போட்டது? அதுவும் அரைப் பேரே போட்டது. 'ஆசிரியர்' என்று எழுதாமல் 'ஆசிரிய உதவியாளர்' என்று எழுதியது. 'சம்பளம்' என்று கொடாமல் 'கொடுப்பனவு' என்று கொடுத்தது. தோட்டத்துரை மலையிற் செய்ததை அரசாங்கம் வகுப்பறையிற் செய்தது. இதனை ஒரு முறையேனும் முழுமையாக எடுத்து நிறுத்துப் பார்ப்பது இப்பத்திரிகையின் கடமை என்று கருதுகின்றோம்.

நடந்தது இதுதான். பெருந்தோட்டப் பகுதித் தமிழ்மொழிப் பாடசாலைகளின் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புவதற்கென மத்திய, ஊவா, சப்பிரகமுவ முதலிய மாகாணங்களிலே மூவாயிரமளவு ஆசிரிய உதவியாளர் பதவிகள் உருவாக்கப்பட்டன. 2014 ஆம், 2015 ஆம் ஆண்டுகளில் நியமனங்கள் தொடங்கின. மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுத் தேறிய பின்னரே ஆசிரியர் சேவையில் உள்வாங்கப்படுவர் என்பது நிபந்தனை. போராட்டங்களும் மகஜர்களும் தூதுக்குழுக்களும் அலையலையாக எழுந்த பின்னர் அக்கொடுப்பனவு 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆண்டுகள் பல கழிந்த பின்னரே, கட்டங்கட்டமாக, அவர்களிற் பலருக்கு ஆசிரியர் என்னும் பெயர் கிடைத்தது.

"அதுதான் கிடைத்துவிட்டதே, பழங்கதையை ஏன் கிளறுகின்றீர்?" என்று சிலர் கேட்கக்கூடும். கிளற வேண்டிய காரணம் உண்டு. ஆட்கள் உள்வாங்கப்பட்டார்கள், முறை அப்படியே நிற்கிறது. தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை என்ற பேச்சு எழும்போதெல்லாம் 'ஆசிரிய உதவியாளர்' என்னும் அதே பெயர் அண்மைய ஆண்டுகளிலும் அறிவிப்புகளில் தலைகாட்டியது. இழந்த ஆண்டுகளுக்கோ எவரும் கணக்குத் தீர்க்கவில்லை.

யாருக்கு உதவி?

உதவியாளர் என்றால் ஒருவருக்கு உதவுபவர் என்பது பொருள். வைத்தியருக்கு உதவியாளர் உண்டு. வைத்தியர் பக்கத்தில் இருப்பார். மேற்குநாட்டுப் பல்கலைக்கழகங்களிலே பட்டப்பின் படிப்பு மாணவர்கள் கற்பித்தல் உதவியாளராகப் பணிபுரிவதுண்டு. பேராசிரியர் விரிவுரை செய்வார். இவர்கள் சிறு குழுக்களுக்கு மீண்டும் விளக்குவர், விடைத்தாள் திருத்துவர், ஆய்வுகூடத்தில் மேற்பார்வை செய்வர். அங்கே அப்பெயருக்குப் பொருள் உண்டு.

நமது மாகாணத்தில் அதற்கு என்ன பொருள்? மடுல்சீமையிலோ லுணுகலையிலோ, மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களின் அருகிலோ உள்ள ஒரு சிறு தமிழ்ப் பாடசாலையை எண்ணிப் பாருங்கள். அதிபரையும் சேர்த்து விரல்விட்டு எண்ணத்தக்க ஆசிரியர்களே அங்கு இருப்பர். ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் முதுகுக்கு முதுகு அமர்ந்திருக்கும். அத்தகைய இடத்துக்கு அனுப்பப்பட்ட உதவியாளர் யாருக்கு உதவுவார்? வகுப்புக்குப் பொறுப்பானவர் அவரே. வரவுப் பதிவேட்டில் எழுதுபவர் அவரே. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர் அவரே. பிள்ளை வராவிட்டால் லயத்துக்குப் போய்த் தாயிடம் பேசி அழைத்து வருபவரும் அவரே. அவருக்கு மேலே நின்று கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அல்லவா அவர் உதவியாளர்? ஆசிரியர் இல்லாத காரணத்தினால் அனுப்பப்பட்டவரை ஆசிரியரின் உதவியாளர் என்று அழைப்பது மொழிக்கே இழைத்த அநியாயம்.

இந்தப் பெயர்மாற்றம் தற்செயலானதன்று. ஆசிரியர் என்றால் ஆசிரியர் சேவையின் சம்பளத் திட்டம் பொருந்தும். வருடாந்தச் சம்பள ஏற்றம், பதவியுயர்வு, ஓய்வூதியச் சேவைக்காலம் ஆகிய யாவும் அன்றே தொடங்கும். உதவியாளர் என்றால் இவற்றுள் எதுவும் தொடங்க வேண்டியதில்லை. ஒரு சொல்லை மாற்றியதனால் மூவாயிரமளவான குடும்பங்களின் உரிமை அரசாங்கத்தின் திறைசேரியில் சேமிப்பாக மாறியது.

கணக்கைப் பார்ப்போம்

உணர்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். 2013 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. வரவுக்கான 140 ரூபாவும் விலைக்கான 30 ரூபாவும் சேர்ந்தால் நாளொன்றுக்கு 620 ரூபா. அது போதாத சம்பளம் என்று மலையகமே கூக்குரலிட்ட காலம் அது. அந்தப் போதாத சம்பளத்தை அளவுகோலாக வைத்தாலும், ஆசிரிய உதவியாளரின் 6,000 ரூபா பத்து நாட் பேருக்குக் கூடச் சமமாகாது. தாய் மலையில் பத்து நாள் முழுப் பேர் போட்டு எடுத்ததைவிடக் குறைவாகவே, மகள் மாதம் முழுவதும் கற்பித்து எடுத்தாள். கொடுப்பனவு 10,000 ஆன பின்பு நிலைமை திருந்தியதா? 2016 ஒக்டோபர் ஒப்பந்தப்படி நாட்சம்பளம் எல்லாம் சேர்ந்து 730 ரூபா. அக்கணக்கில் 10,000 ரூபா பதினான்கு நாட் பேருக்கும் எட்டவில்லை.

இன்னுமொரு கணக்கு. 2015 ஆம் ஆண்டின் இடைக்கால வரவு செலவுத் திட்டத்திலே அரசாங்க ஊழியருக்கு மாதம் 10,000 ரூபா உயர்வு வழங்கப்பட்டது. பெப்ரவரியில் 5,000, ஜூனில் 5,000. அந்த உயர்வை நாம் வரவேற்கின்றோம். ஆனால் ஒரே பாடசாலை மண்டபத்தில், ஒரே கரும்பலகையின் இருபுறமும் நின்ற இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு அவ்வாண்டிலே கூட்டப்பட்ட தொகை மாத்திரம் 10,000. மற்றவரின் மாத வருவாய் முழுவதும் 6,000. ஒருவரின் உயர்வுக்குக் கூட மற்றவரின் முழு வருவாய் ஈடாகவில்லை.

மூன்றாவது கணக்கு சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாத வேதனம் 10,000 ரூபாவுக்கும் நாள் வேதனம் 400 ரூபாவுக்கும் குறையலாகாது என்று விதித்தது. அச்சட்டம் தனியார் தொழில்தருநரையே நோக்கியது, அரசின் நியமனங்களைத் தொடாது என்று எவரும் வாதிக்கலாம். வாதிக்கட்டும். கடைக்காரருக்கும் ஆலை முதலாளிக்கும் 'இதற்குக் குறைத்தால் குற்றம்' என்று விதி செய்த அதே கை, தன் வகுப்பறையில் நிற்பவருக்கு அதிலும் குறைவாகக் கொடுத்தபோது நடுங்கவில்லையே என்பதுதான் எமது கேள்வி. அந்தக் குறைந்தபட்ச வேதனம் 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அவ்வாண்டு ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இனி எந்த உதவியாளர் நியமனம் வந்தாலும் இந்தத் தொகையை முன்வைத்தே நாம் பேச வேண்டும்.

பயிற்சி என்னும் திரை

அரசினர் தரப்பு வாதத்தையும் நேர்மையுடன் எடுத்துக் கூறுவோம். பட்டமோ பயிற்சியோ இல்லாதவரை ஆசிரியர் சேவையில் நேரே சேர்க்க 2014 ஒக்டோபரில் வெளியான சேவைப் பிரமாணக் குறிப்பு இடந்தராது. தோட்டப் பகுதிகளிலோ அத்தகைமை பெற்றோர் போதாது. ஆகவே முதலிற் சேர்த்துப் பின்னர் பயிற்றுவிப்பதே வழி. இந்த ஏற்பாடு இல்லாவிடின் அந்த வகுப்பறைகள் வெறுமையாகவே கிடந்திருக்கும். இதுவே அவர்தம் வாதம்.

இதில் ஒரு பகுதி உண்மை. பயிற்சி வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடு இல்லை. எமது பிள்ளைகளுக்குப் பயிற்றப்படாத ஆசிரியர் போதும் என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். அது எமது பிள்ளைகளை நாமே குறைத்து மதிப்பதாகும். ஆனால் பயிற்சி என்பது கற்றுக்கொள்ளும் காலம். கற்றுக்கொள்ளும் காலத்தில் வேலை குறைவாகவும் வழிகாட்டல் நிறைவாகவும் இருத்தல் வேண்டும். இங்கே நடந்தது யாது? முதல் நாளிலேயே முழு வகுப்பையும் தலையில் ஏற்றிவிட்டு, கொடுப்பனவை மாத்திரம் பயிற்சியாளர் கணக்கில் எழுதினார்கள். வேலையில் ஆசிரியர், கூலியில் மாணவர். இந்த இரட்டை வேடத்தைத்தான் நாம் எதிர்க்கின்றோம்.

கலாசாலைக் காலமோ வேறொரு சோதனை. மொனராகலையிலிருந்து கொட்டகலை ஆசிரியர் கலாசாலைக்குப் போகும் ஒருவரின் வழியைப் பாருங்கள். பசறை ஊடாகப் பதுளைக்கு பஸ். பதுளையிலிருந்து மலைரயில் அல்லது வெலிமடை, நுவரெலியா ஊடாக மீண்டும் பஸ். நாள் தோறும் போய்வரத்தக்க வழி அன்று அது. தங்குமிடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், புத்தகம் வேண்டும். கைக்குழந்தையை லயத்தில் பாட்டியிடம் விட்டுச் செல்லும் இளந்தாய் வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரியாக வந்த அந்தக் கொடுப்பனவுக்குள்ளேயே இவ்வளவும் அடங்க வேண்டும். அரசாங்கம் நிபந்தனை விதித்தது. அந்நிபந்தனையை நிறைவேற்றும் செலவை ஏழையின் மடியில் வைத்தது.

'மாணவரா, ஊழியரா?' என்னும் இந்த வழக்கு எமது மலைகளுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளர்கள் 1966 இல் சங்கம் அமைத்து, 1970 இல் வேலைநிறுத்தம் செய்து, எழுத்து மூலமான ஒப்பந்தம் பெற்றனர். கொலம்பியா பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் அந்நாட்டுத் தேசிய தொழில் உறவுகள் சபை 2016 இல் அளித்த தீர்ப்பு மிகத் தெளிவானது: ஒருவர் மாணவராக இருப்பதனால் அவர் ஊழியர் அல்லாதவர் ஆகிவிடமாட்டார். 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 48,000 உதவியாளர்களும் ஆய்வுப் பணியாளர்களும் வேலையை நிறுத்தினர். ஏறக்குறைய ஆறு வாரங்களின் பின்னர் கற்பித்தல் உதவியாளரின் குறைந்தபட்ச ஆண்டு வேதனம் படிப்படியாக 34,000 டொலருக்கு உயர்த்தப்படுவதற்கு நிர்வாகம் இணங்கியது.

அவர்களது டொலரை எமது ரூபாவோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. அவர்கள் நிலைநாட்டிய நியாயமே எமக்கு வேண்டியது. 'நீ இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன். ஆகவே உன் வேலை வேலையாகாது' என்று சொல்வோருக்கு, 'என் வேலை இல்லாமல் உன் வகுப்பு நடக்குமா?' என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அக்கேள்வியைக் கேட்கும் உரிமை மொனராகலைக்கும் உண்டு.

நூறாண்டுப் பழக்கம்

இந்த அரைப் பேர் மனப்பான்மை எங்கிருந்து வந்தது? தோட்டப் பாடசாலையின் வரலாற்றிலிருந்தே வந்தது. 1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வகைசெய்யும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. பிள்ளையின் கல்வியைத் துரையின் தயவில் விட்ட ஏற்பாடு அது. துரை கொடுத்த கட்டடம், துரை கொடுத்த சம்பளம், துரை விரும்பிய அளவு படிப்பு. எழுதப் படிக்கத் தெரிந்த யாரேனும் ஒருவர் உபாத்தியாயராக இருந்தாற் போதும் என்ற எண்ணமே நிலவியது. 1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும், 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களினால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் வாசலுக்கு வெளியிலேயே நின்றன. 1977 முதலாகவே அவை சிறிது சிறிதாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன.

அதன் பின்னர், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், சாதாரண தரத் தகைமையுடன் பல மலையக இளைஞர்கள் ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பயிற்றப்படாதவர்களாகச் சேர்ந்தனர். பின்னர் பயிற்சி பெற்றனர். பலர் பட்டமும் பெற்று அதிபர்களாகவும் கல்வி அதிகாரிகளாகவும் உயர்ந்தனர். இன்று மலையகத்தில் வைத்தியரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் தோன்றியிருப்பின், அவர்களுக்கு அரிச்சுவடி காட்டியவர்களுள் அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் முன்னிற்பர். அவர்களை எவரும் உதவியாளர் என்று அழைக்கவில்லை. சாதாரண தரம் தேறி வந்த தந்தையின் தலைமுறைக்கு ஆசிரியர் என்ற பெயர். உயர்தரம் தேறி வந்த பிள்ளையின் தலைமுறைக்கு உதவியாளர் என்ற பெயர். படிப்பு ஏறியது, பெயர் இறங்கியது! இந்த விசித்திரத்துக்கு யார் விடையளிப்பார்?

பட்டம் பெற்றும் தீரவில்லை

'உயர்தரத்தோடு நின்றதனாலேயே இந்தத் தொல்லை. பட்டம் பெற்றிருந்தால் வந்திராது' என்று எண்ணுவோர் பட்டதாரிகளின் கதியைப் பார்க்கட்டும். 2012 இல் பட்டதாரிப் பயிலுநர் என்று சேர்க்கப்பட்டவர்களுக்கு மாதம் 10,000 ரூபா. 2020 இல் அதே பெயரிற் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில் மாதம் 20,000 ரூபா. அவர்களிற் பலர் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். பயிற்சி முடிந்த பின்னர் 'அபிவிருத்தி உத்தியோகத்தர்' என்னும் பெயர் அவர்களுக்குச் சூட்டப்பட்டது. கையில் வெண்கட்டி, முன்னால் பிள்ளைகள், ஆனால் பதவிப் பெயர் அபிவிருத்தி! தாம் கற்பிக்கும் பணிக்குரிய சேவையில் தம்மைச் சேர்க்குமாறு அவர்கள் வீதியிலும் மன்றிலும் போராடி வந்திருக்கின்றனர்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே நோய்தான். தமிழ்நாட்டு அரசு கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்று அழைக்கப்படுவோர் இருக்கின்றனர். பல்கலைக்கழக மானியக் குழு 2019 இல் அத்தகையோருக்கு மாதம் 50,000 ரூபா வரை வழங்கலாம் என்று நெறிப்படுத்திய பின்பும், தமிழ்நாட்டில் அவர்கள் கையில் கிடைத்தது அதன் அரைப் பங்கான 25,000. பெயரில் மாத்திரம் கௌரவம்! உதவியாளர், பயிலுநர், உத்தியோகத்தர், கௌரவர் என்று எத்தனை பெயர் மாறினாலும் சூத்திரம் ஒன்றே: முழு வேலை, அரைப் பேர்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்நாட்டு அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. 27(2)(ஏ) உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் கல்வியைப் பெறுவதில் யாவருக்கும் சமவாய்ப்பை உறுதிப்படுத்துவதை அரசின் நெறியாக விதிக்கிறது. ஆனால் 29 ஆம் உறுப்புரை, இந்நெறிகளை நீதிமன்றில் வலியுறுத்த முடியாது என்று கூறிக் கையை விரிக்கிறது. ஆகவே உதவியாளர் ஒருவருக்கு எஞ்சியது 12(1) மாத்திரமே. அவ்வுரிமை மீறப்பட்டதாக முறையிடுவோர் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகுதல் வேண்டும். மாதம் 6,000 ரூபாவில் வாழ்பவர், வேலையும் நிரந்தரமில்லாதவர், ஒரு மாதத்துக்குள் கொழும்பு சென்று சட்டத்தரணியை அமர்த்தி, தமக்கு வேலை கொடுத்த அரசாங்கத்துக்கே எதிராக மனுத் தாக்கல் செய்வாரா? உரிமை புத்தகத்தில் இருக்கிறது. அதனை எட்டும் ஏணி அவரிடம் இல்லை.

இந்திய உயர் நீதிமன்றம் 2016 ஒக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைத் தற்காலிக ஊழியர் செய்வராயின் அவர்களுக்கும் அதே பதவியின் ஆரம்பச் சம்பள அளவு உரித்து என்று தீர்த்தது. வயிற்றுப்பாட்டுக்காக ஒருவர் குறைந்த சம்பளத்துக்கு இணங்குவது மனமொப்பிய இணக்கம் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். அயல்நாட்டுத் தீர்ப்பு எமது மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதிலுள்ள நியாயத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. 'கையெழுத்திட்டுத்தானே சேர்ந்தார்கள்' என்று எமது அதிகாரிகள் கூறும் சமாதானத்துக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

நட்டம் யாருக்கு?

இந்த அரைப் பேரினால் இளைஞர் மாத்திரம் நட்டப்பட்டதாக எண்ணிவிடலாகாது. ஆசிரியரின் அரைப் பேர் பிள்ளையின் அரைப் படிப்பாகவே முடியும். மாதக் கடைசியில் பஸ் காசுக்குக் கடன் கேட்பவர் மறுநாட் பாடத்துக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வார்? மாலையில் வேறு வேலை தேடுவார். சிறந்த வேலை கிடைத்தாற் போய்விடுவார். அரைக் கிணறு தாண்டிய பிள்ளைகள் நடுவில் நிற்பர். மொனராகலை மாவட்டத்தில் தமிழர் சிறு தொகையினர், தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன, பாடசாலைகளும் சிறியன. வாக்குத் தொகை குறைந்த இடத்தில் கவனமும் குறையும் என்பது அரசியலின் கசப்பான உண்மை. இங்கு ஓர் ஆசிரியர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வரும்வரை வகுப்பு காத்திருக்கும். பிள்ளையின் வயது காத்திராது.

எமது சமூகத்து அரசியல்வாதிகளையும் நோக்கி ஒரு வார்த்தை. நியமனக் கடிதம் வழங்கும் மேடைகளில் மாலைக்கும் படத்துக்கும் குறைவிருக்கவில்லை. அக்கடிதத்தின் நிபந்தனைகளை வாசித்துப் பார்த்து, 'இந்த வசனத்தை மாற்றாமல் நாம் மேடை ஏறமாட்டோம்' என்று கூறியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். கொடுத்ததை வாங்கிக்கொள் என்பது கங்காணி காலத்துப் பேச்சு. மக்கள் பிரதிநிதிக்கு அது அழகன்று.

நாம் கோருவது

நாம் கோருவன மிகச் சில, ஒவ்வொன்றும் நிறைவேற்றத்தக்கது.

முதலாவது, தனியொரு வகுப்பின் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் நாளிலேயே அவர் ஆசிரியர் என்று எழுதப்படுதல் வேண்டும். பயிற்றப்படாத ஆசிரியர் என்று எழுதினாலும் குற்றமில்லை. ஆசிரியரே இல்லாத இடத்தில் உதவியாளர் என்று எழுதுவது மாத்திரம் ஒழிய வேண்டும்.

இரண்டாவது, அவரது வேதனம் ஆசிரியர் சேவையின் ஆரம்பச் சம்பளத்தோடு இணைக்கப்படுதல் வேண்டும். எக்காரணங்கொண்டும் அது நாட்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் தனியார் ஊழியருக்கு விதித்துள்ள தொகைக்குக் கீழே போதலாகாது.

மூன்றாவது, பயிற்சிக்கு எப்போது அனுப்பப்படுவார், எந்த நாளில் உள்வாங்கப்படுவார் என்பன நியமனக் கடிதத்திலேயே திகதியிட்டு எழுதப்படுதல் வேண்டும். அத்திகதி அரசாங்கத்தின் தாமதத்தினால் தவறினால், உரிமை தவறாது தொடரும் என்றும் எழுதப்படுதல் வேண்டும்.

நான்காவது, ஊவாவின் தொலைவான தோட்டங்களிலிருந்து கலாசாலைக்குச் செல்வோரின் பயணத்துக்கும் விடுதிக்கும் உரிய செலவை அரசாங்கம் தனியாக ஏற்றல் வேண்டும்.

ஐந்தாவது, 2014 முதலாக உதவியாளராய்க் கழிந்த ஆண்டுகள், உள்வாங்கப்பட்டோரின் சம்பள ஏற்றத்துக்கும் பதவியுயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் சேவைக்காலமாகக் கணிக்கப்படுதல் வேண்டும். பாடசாலைகளிற் கற்பிக்கும் பட்டதாரிகளுக்கும் இதே நியாயம் வழங்கப்படுதல் வேண்டும். கற்பித்த ஆண்டு கற்பித்த ஆண்டுதான். அதனை எந்தப் பேனாவும் அழித்துவிட முடியாது.

இவற்றுள் ஐந்தாவதற்குப் பணம் வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அப்பணம் புதிதாகத் தேடவேண்டிய பணமன்று. கொடாமல் வைத்திருந்த பணம். இப்போது சேவையில் இருக்கும் முன்னாள் உதவியாளர்கள் தத்தம் முதல் நியமனக் கடிதத்தையும், பயிற்சிக்கு அனுப்பப்பட்ட கடிதத்தையும், உள்வாங்கப்பட்ட கடிதத்தையும் பத்திரமாகச் சேர்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். அந்த மூன்று கடிதங்களிலுமுள்ள மூன்று திகதிகளே அவரவர் இழப்பின் சாட்சி. வலயம் வலயமாக அவற்றைத் திரட்டி, ஒரே மகஜராக மாகாண சபைச் செயலகத்துக்கும் கல்வி அமைச்சுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பும் வேலையை ஆசிரியர் சங்கங்கள் மேற்கொள்ளல் வேண்டும். தனி ஒருவர் கொழும்பு செல்ல இயலாதிருக்கலாம். ஆயிரம் கடிதங்கள் செல்லும்.

மலையில் அரைப் பேரை ஒழிக்க எமது தாய்மார் இன்னும் போராடுகின்றனர். அவர்களது பிள்ளைகள் கற்பிக்கும் வகுப்பறையில் அது வேரூன்ற விடலாமா? விடமாட்டோம் என்று கூறும் துணிவு முதலில் எமது ஆசிரியரிடமும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பெற்றோரிடமும் பிறக்க வேண்டும். பிறந்தால் அரசாங்கம் பேனாவை எடுத்தே தீரும்.